கடைசி வரியை விழுங்கியவன்

அவனைப் பற்றி யாராவது என்னிடம் பெருமையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். "தொரைமார நடுங்க வச்ச பாட்டுக்காரன்" என்பார்கள். நடுங்க வைத்தான், இல்லை என்று சொல்லவில்லை. சாமி முன்னால் நின்று பொய் சொல்லுகிற ஜாதி இல்லை நான். ஆனால் அவன் என் மகளுக்குச் செய்ததைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, பிறகு பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தபோது, கொழுந்தெடுக்கப் போன பெண்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பழைய பத்திரிகைகளைப் படித்த படிப்பு. இதை எழுத அது போதும்.

இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், எங்கள் காம்பராவுக்கு இரண்டு கதவு தள்ளி அவன் வீடு. அவன் அம்மா மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுப்பாள். நான் அவளைப் பெரியம்மா என்பேன். அவன் என்னை அக்கா என்பான். நான் அந்த லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது.

மாசி மாதம் காமன் கூத்து நடந்தால் ரதி வேஷம் அவனுக்குத்தான். மன்மதன் எரிந்து போனதும் ரதி அழுகிற கட்டம் ஒன்று உண்டு. அதற்காக ஒருநாள் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒங்க கூறைச் சீலைய ஒரு நாளைக்குக் குடுங்கக்கா. ரதி பழஞ்சீல கட்டுனா மன்மதன் எரியவே மாட்டான்."

சிரித்துவிட்டேன், கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அவன் அழுத அழுகையில் கணக்கப்பிள்ளையின் பெண்சாதிகூட மூக்கைச் சிந்தினாள். ஒரு வரி பாடுவான். சட்டென்று நிறுத்துவான். தலையைச் சாய்த்துக் கூட்டத்தைப் பார்ப்பான். இவன் அடுத்த வரியைச் சொல்லமாட்டானா என்று நாம் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருப்போம். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பான். அந்த நிறுத்தம்தான் அவனுடைய சொத்து. கடைசி வரைக்கும் அதை வைத்துத்தான் பிழைத்தான்.

சீலை திரும்பி வந்தது, முந்தானை கருகிப்போய். "மன்மதன் எரியிறப்ப பக்கத்துல நின்னுட்டேங்க்கா" என்று பல்லைக் காட்டினான். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குப் புத்தி இருந்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். அடுத்தவள் பொருளை மேடைக்குக் கொண்டுபோனால் இவன் முழுசாகத் திருப்பித் தரமாட்டான்.

பிறகு தொழிற்சங்கத்து மேடைகளுக்குப் போனான். ரதியின் மெட்டை எடுத்து அதில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தைப் பாடினான், கொழுந்து நிறுக்கிற தராசைப் பாடினான், நம்மைக் கள்ளத்தோணி என்று ஏசுகிறவர்களைத் திருப்பி ஏசிப் பாடினான். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பான். திடீரென்று துரை மாதிரி இடுப்பில் கையை வைத்து, காலை அகட்டி, இல்லாத நாயைச் சீட்டியடித்துக் கூப்பிடுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும்தான் சிரித்தேன். துரைக்குக் காது கேட்காதா? ஒருநாள் காலையில் வேலைப் பேரேட்டில் பேரை வெட்டி, வேலை தீர்ந்த பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். பண்டாரவளையில் ஒரு தையல்கடைக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டான். பெரியம்மா லயத்திலேயே இருந்தாள். அன்றைக்கு அவனுக்காக நான் அழுதிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொறாமைக்காரி என்று சொல்லக் கூடாது.

அதற்குச் சில வருஷம் கழித்து மாவுப் பஞ்சம் வந்தது. அரிசி என்ற பேச்சே இல்லை, ரொட்டி சுட மாவும் இல்லை. கீரையைப் பறித்து அவித்தோம், பிறகு கீரையும் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் மரவள்ளிக் கிழங்கு தேடிப் பிபிலைப் பக்கம் போயிருந்தார். என் மகளுக்கு மூன்றரை வயது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மாவு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளையைப் பெரியம்மா மடியில் விட்டுவிட்டு விடியற்காலையில் வரிசையில் போய் நின்றேன். வரிசை ரோட்டு வளைவைத் தாண்டி நின்றது. மாவு என் கைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. நான் ஓடி வந்தேன். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் முகத்தைத் தன் முந்தானையால் மூடியிருந்தாள்.

அப்போது என் வாயிலிருந்து வந்ததுதான் அந்த ஒப்பாரி. யோசித்துச் சொன்னதில்லை.

"பாலுக்கு அழுத புள்ள, பசியடங்கித் தூங்குறியோ
மாவுக்கு நின்ன வரிசை மலை சுத்திப் போனதடி
மாவு வந்து சேர்ந்திருச்சு, மகளே ஒன் வாயெங்கே?"

இதோடு முடியாது. எங்கள் லயத்தில் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. ஒப்பாரி சொன்னால் செத்தவர்கள் வந்து நின்று கேட்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. ஆகவே கூட்டம் கலைவதற்கு முன்னால் கடைசி வரியைச் சொல்லி அவர்களை வழியனுப்ப வேண்டும். ஒப்பாரியைக் கேட்ட அத்தனை காதிலும் அந்த வரி விழ வேண்டும். ஒரு ஒப்பாரி ஒருவரைத்தான் அனுப்பும். சொன்னவள் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு எழுந்து போவாள். அனுப்பாமல் விட்டால் வந்தவர்கள் அங்கேயே நிற்பார்கள், பாவம். அதனால்தான் சாவில்லாத இடத்தில் ஒப்பாரியை முணுமுணுக்கவும் விடமாட்டார்கள். நானும் அன்றைக்கு என் பிள்ளையை முறையாக அனுப்பினேன்.

"பொறந்த எடம் பசிச்ச எடம், போயிட்டு வா மகளே
போற எடம் நெறையட்டும்."

முப்பது நாள் கழித்து அவன் வந்தான். கையில் கொப்பி.

"அக்கா, அந்தப் பாட்ட இன்னொருக்கா சொல்லுங்கக்கா. எழுதிக்கிறேன்."

"சாவில்லாத எடத்துல ஒப்பாரி சொல்லச் சொல்றியேடா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

அவன் நகரவில்லை. "நீங்க சொன்னத நான் பதுளையில பெரிய மேடையில பாடுனா, மேல இருக்கிறவங்க காதுல விழும்க்கா. மாவு வரும். இன்னொரு புள்ள சாகாது" என்றான். அந்தச் சொல்லில் விழுந்தேன். அது மட்டுமா? உண்மையைச் சொன்னால், ஒரு மாதமாக என் பிள்ளையைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயத்தில் அவரவர் பசி அவரவருக்கு. இவன் ஒருத்தன்தான் கேட்டான். அவனை மலையடியில் பிள்ளையைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போய், அங்கே உட்கார்ந்து மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் முடித்து அனுப்பினேன். அவன் எல்லா வரியையும் எழுதினான். நான் ஓடையில் வாய் கொப்பளித்தபோது அவனும் கொப்பளித்தான். முறை தெரியாமல் செய்தான் என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

மே தினத்துக்கு லொறியில் ஏறிப் பதுளைக்குப் போனோம். சிவப்புச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் ஆர்மோனியம். மெதுவாக ஆரம்பித்தான். அவ்வளவு சனமும் அடங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்களப் பொம்பளைக்குத் தமிழ் தெரியாது, அவளும் அழுதாள். "மாவு வந்து சேர்ந்திருச்சு, மகளே ஒன்..." என்று நிறுத்தினான். அதே நிறுத்தம். பிறகு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி "வாயெங்கே?" என்றான். கூட்டம் "வாயெங்கே?" என்று கத்தியது. மறுபடியும் கேட்டான். மறுபடியும் கத்தினார்கள். கோஷம் போட ஆரம்பித்தார்கள். அவன் இறங்கிவிட்டான்.

நான் கடைசி வரிக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன். கூட்டம் கலைகிறது.

மேடைக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன். "ஏன்டா அனுப்பல?"

"அக்கா, அந்த வரி சாந்தமா இருக்குக்கா. சனம் கொதிச்சுக்கிட்டு இருக்கப்ப தண்ணி ஊத்தக் கூடாது."

"ஒன் கொதிப்புக்கு என் புள்ள வெறகா?"

"அய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க. அடுத்த மேடையில பாடுறேன். சத்தியமா."

கொஸ்லந்தையில் பாடினான், ஹல்துமுல்லையில் பாடினான், எல்லை டவுனில் பாடினான். போய் வந்தவர்களிடமெல்லாம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: கடைசி வரி சொன்னானா? "என்ன வரி? வாயெங்கேயோட முடிஞ்சிரும்ல" என்பார்கள். ஊர் ஊராக என் பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்தான் பாவி. பசித்த பிள்ளை, வழி தெரியாத பிள்ளை. பிள்ளைக்காம்பராப் பக்கம் ஏதாவது குழந்தை வீறிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவேன். மாவு வந்தது, ஆமாம். அவன் பாட்டால் வந்தது என்றார்கள். கப்பல் வந்ததால் வந்தது என்பேன் நான்.

எழுபதுகள் முடியும்போது அவன் ஆளே மாறிவிட்டான். ஆர்மோனியம் போய் கிட்டார் வந்தது. வேட்டி போய், ரோட்டைக் கூட்டுகிற மாதிரி அகலக் காற்சட்டை வந்தது. காதை மூடி முடி. பின்னால் டிரம் அடிக்க ஒருத்தன், பொங்கோ தட்ட ஒருத்தன். துரையை ஏசுவதை விடவில்லை, அரசாங்கத்தை ஏசுவதையும் விடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் துள்ளி ஆடுகிற பைலா தாளத்தில் ஏசினான். "இளவட்டம் அப்பதான் கேக்குது" என்று சொன்னானாம். கேட்கட்டும். ஆடட்டும். என் பிள்ளைதானா கிடைத்தாள்?

பண்டாரவளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். மைதானத்தில் மேடை. நான் முன்வரிசைக்குப் போய் நின்றேன், இன்றைக்கு விடுவதில்லை என்று. அவன் மேடைக்கு நடந்து வரவில்லை, ஓடிவந்து குதித்தான். சுழன்றான். மைக் கம்பத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். நாலு பாட்டுக்குப் பிறகு டிரம் "டடக்கு டடக்கு" என்று கிளம்பியது. பொடியன்கள் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். என்ன பாட்டு என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. "பாலுக்கு அழுத புள்ள" என்று தொடங்கினான்.

ஆடினார்கள். என் மகள் செத்த பாட்டுக்குக் கையைத் தட்டி, இடுப்பை வளைத்து, விசிலடித்து ஆடினார்கள். "வாயெங்கே?" என்றான். "வாயெங்கே!" என்று குதித்தார்கள்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. "முடிச்சிட்டு எறங்குடா, கட்டையில போறவனே!" என்று கத்தினேன். ஒரு நிமிஷம் அவன் முகம் வெளிறியது. ஆனால் அவன் யார்? மேடையில் பிறந்தவனல்லவா! என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு மைக்குக்கு இழுத்தான். "தோழர்களே! இவங்கதான் அந்தத் தாய்!" என்றான். கைத்தட்டு வானத்துக்குப் போனது. யாரோ ஒரு மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்கள். சரி, மைக் இருக்கிறது, இத்தனை காதும் இருக்கிறது, நானே அனுப்பிவிடுகிறேன் என்று "பொறந்த எடம்" என்று எடுத்தேன். நான் அவனோடு சேர்ந்து பாடப்போகிறேன் என்று நினைத்துவிட்டான் டிரம்காரன். "டடக்கு டடக்கு" என்று அடித்தான் பாருங்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைதானம் முழுக்க மறுபடி ஆட ஆரம்பித்தது. மாலையைப் பிய்த்து அவன் காலில் எறிந்துவிட்டு இறங்கினேன். அதையும் அன்பென்று நினைத்துத் தட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார் என் பக்கத்தில் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். "அம்மா, உங்கட பிள்ளை சாகேல்லை. அந்தப் பாட்டில உயிரோட இருக்கிறா" என்றார்.

"ஒங்க புள்ளைய இப்பிடி உயிரோட வச்சுக்குவீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மலையில் பெரியம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் என்னோடு சண்டைக்கு வந்திருக்கலாம், எந்தத் தாய் மகனை விட்டுக் கொடுப்பாள்? கொழுந்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவன நான் பெத்தேன்டி, அந்த வாய நான் குடுக்கல. நாலு தரம் சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குறான். அவன் கெடக்கான். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான்டி ஒப்பாரி எடுக்கணும், நீதான் முடிச்சு அனுப்பணும். வேற எவளையும் விட்ராத."

"சும்மா கெடங்க பெரியம்மா" என்றேன்.

"சும்மா இல்ல. வாக்குக் குடு."

கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி, ஒரே நாள்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் வாடகை வேனில் வந்து இறங்கினான், கூட அவன் ஆட்களும். அதே டிரம்காரனும் வந்திருந்தான். தோட்டத்துச் சனத்தோடு கொஸ்லந்தை, எல்லை என்று அவன் பாட்டுக்குப் பழகிய இளவட்டமெல்லாம் வாசலில் நிறைந்து நின்றது. உள்ளே நாங்கள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் எடுக்க வேண்டும் என்று. மகன் வரட்டும் என்று அதுவரைக்கும் வாய் திறக்காமல் இருந்தேன். நான் மூச்சை இழுத்தேன்.

அதற்குள் அவன் முந்திக்கொண்டான். வாசலிலிருந்து ஓடிவந்து பெரியம்மாவின் காலில் விழுந்து பாட ஆரம்பித்தான். ஆம்பளை ஒப்பாரி சொல்வதில்லை. ஆனால் ரதிவேஷக்காரனை யார் தடுப்பது? அழுகை பொய் இல்லை. மூக்கும் வாயும் ஒழுக அழுதான். ஆனால் நிஜச் சாவுக்குச் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒப்பாரி ஒன்றே ஒன்றுதான்.

"பால் குடுத்த ஆத்தாவே, பசியடங்கித் தூங்குறியோ" என்று என் பாட்டை எடுத்தான். ஒவ்வொரு வரியிலும் மகளைத் தள்ளிவிட்டு ஆத்தாவை வைத்தான். பைலாவெல்லாம் ஓடிப்போய், பழைய காமன் கூத்துக் குரல் வந்துவிட்டது. "மாவு வந்து சேர்ந்திருச்சு, ஆத்தா ஒன்..." என்று வந்து நிறுத்தினான். வேண்டுமென்று நிறுத்தவில்லை, விம்மல் முந்திக்கொண்டது. பிறகு "வாயெங்கே?" என்றான்.

வாசலில் நின்ற அத்தனை பேரும் "வாயெங்கே!" என்று கத்தினார்கள்.

கெட்ட எண்ணத்தில் இல்லை. வாய்ப்பழக்கம். எத்தனை மேடை, எத்தனை வருஷம் பழக்கியிருக்கிறான்! ஒருத்தன் இரண்டு தட்டு தட்டியும்விட்டான். அதற்குப் பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்கு உறைத்தது. பெரியம்மாவின் வாயைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை எல்லோரும் பார்த்தார்கள்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. நல்லா இரு ராசா, இப்போது தெரிகிறதா என்று மனசுக்குள் சொன்னேன். அவன் உதடு அசைந்தது. அடுத்த வரியைத் தேடுகிறான். எத்தனை வருஷமாகத் தொடாத வரி, எப்படி வரும்? வட்டத்தைச் சுற்றிப் பார்த்து என்னிடம் வந்து நின்றது கண்.

"அக்கா... கடைசி வரி... எங்காத்தாவ அனுப்பி வைங்கக்கா."

நான் உடனே சொல்லவில்லை. தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தேன். அவனுடைய நிறுத்தத்தை அவனுக்கே காட்டினேன். டிரம் இல்லை, கைத்தட்டு இல்லை. என் பிள்ளையின் பாட்டைக் கேட்டு ஆடிய காதுகள் எத்தனையோ அங்கே இருந்தன. அவளும் எங்கேயோ அந்தக் கூட்டத்துக் காலடியில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு இடம் எனக்கு இனிமேல் கிடைக்காது.

"பொறந்த எடம் பசிச்ச எடம், போயிட்டு வா மகளே
போற எடம் நெறையட்டும்."

துக்கத்தில் வாய் தவறி மகளே என்றுவிட்டாள் என்று பெண்கள் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்தவள் "ஆத்தான்னு சொல்லு" என்று என் முழங்காலைக் கிள்ளினாள். அவன் மட்டும் அப்படி நினைக்கவில்லை, ஒரு ஒப்பாரி ஒருவரைத்தான் அனுப்பும் என்று அவனுக்கும் தெரியும். "அக்கா!" என்று என் முந்தானையைப் பிடித்தான். உருவிக்கொண்டு எழுந்தேன்.

லயத்துக்குக் கீழே தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போய் வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்துத் துப்பினேன். பின்னால் பெண்கள் வேறு ஒப்பாரி எடுத்தார்கள். யார் எடுத்தது, யார் முடித்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குச் செய்தது பாவம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் பெரியம்மா வாக்கு வாங்கியது அவனிடம் இல்லை, என்னிடம்தான்.